அப்துல் சமத் உட்காராத ஆறு ஆண்டுகள்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது என் பின்புறம்.

போன ஆவணியில் வேலூரிலிருந்து ஆம்பூருக்குப் பேருந்தில் போனேன். பாதி இருக்கைகள் காலி. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் இரண்டு முறை என்னைப் பார்த்தார். மூன்றாவது முறை கேட்டேவிட்டார்.

"இன்னா சார், இவ்ளோ சீட்டு காலியா இருக்கு, நின்னுகினே வர்றீங்க?"

"முழங்கால மடக்க முடியல" என்றேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினோரு புத்தகங்கள் எழுதியிருக்கிறேன். மரணத்தைப் பற்றி ஒரு முழு நாவல் எழுதியவன். ஆனால் மூலம் என்ற மூன்றெழுத்தை ஒரு கண்டக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை. அவரோ உண்மையான அனுதாபத்தோடு, தன் மாமியாரின் முழங்காலுக்கு எந்த எண்ணெய் பலித்தது, எந்த எண்ணெய் பலிக்கவில்லை என்று பள்ளிகொண்டா வரை சொல்லிக்கொண்டு வந்தார்.

அன்றுதான் யோசித்தேன். நம் கதைகளில் நாயகனுக்குக் காசநோய் வரும். கைக்குட்டையில் ரத்தத்துளியோடு அழகாக இருமுவான். நாயகிக்கு அம்மை போடும், ஜன்னி காணும். இருவருக்கும் காதல் தவறாமல் வரும். இந்த நோய் மட்டும் யாருக்கும் வருவதில்லை. ஏதோ தமிழ்க் கதாபாத்திரங்கள் எல்லாரும் பஞ்சில் செய்யப்பட்டவர்கள் போல.

ஆகவே ஒரு மனிதரை உண்டாக்கினேன். அவரை நான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக நூறு வருடம் பின்னால் தள்ளினேன். வேறு மதம், வேறு தொழில், வேறு தாய்மொழி கொடுத்தேன். இவ்வளவு ஏற்பாடும் செய்துவிட்டு, முதல் வரியிலேயே உளறிவிட்டேன். போகட்டும்.

2

தொடக்கங்கள். நான் எழுதி அடித்தவற்றை மறைக்கப் போவதில்லை.

முதல் முயற்சி: "1926ஆம் ஆண்டு ஐப்பசி. பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டு—" (பொய். பாலாற்றில் வெள்ளம் வருவது, பத்திரிகையில் என் புகைப்படம் வருவது மாதிரி. வந்தால் ஊரே பேசும்.)

இரண்டாம் முயற்சி: "ஆம்பூரின் காற்றில் தோல் வாடை—" (ஆம்பூரைப் பற்றி எழுதுகிற வெளியூர்க்காரர்கள் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த அப்துல் சமத்துக்கு அது வாடையே இல்லை. வேலை இருக்கிறது என்பதற்கான அடையாளம்.)

மூன்றாவது முயற்சியை வைத்துக்கொள்கிறேன்.

அப்துல் சமத்துக்கு நாற்பத்தாறு வயது. ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், தரம் பார்ப்பவராக இருந்தார். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறி, காய்ந்து, மெட்ராஸுக்குப் போகத் தயாராக இருக்கும் தோல்கள் அவர் முன்னால் அடுக்கடுக்காக வரும். குந்தி உட்கார்ந்தபடி ஒவ்வொன்றையும் புரட்டி, உள்ளங்கையால் ஒருமுறை தடவி, "ஒண்ணு", "ரெண்டு", "கழிவு" என்று சொல்லுவார். அவர் கை சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் அப்படி. இருபத்தைந்து வருடம் அப்படி.

எத்தனையோ ஆட்டின் முதுகில் இருந்த கீறலைக் கண்டுபிடித்த மனிதர், தன் உடம்பில் இருந்த ஒன்றை ஆறு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை.

ரத்தமூலம். அவர் வீட்டில் பேசிய உருதுவில் பவாசீர். முதலில் எரிச்சல், பிறகு ரத்தம், பிறகு உள்ளிருந்து ஒன்று வெளியே தள்ளிக்கொண்டு வந்து நிற்பது. அதை அவரே விரலால் உள்ளே தள்ள வேண்டியிருந்தது. (இந்த வாக்கியத்தை நான்கு முறை எடுத்தேன். நான்கு முறையும் திரும்ப வைத்தேன்.)

மெல்ல மெல்ல அவர் உட்காருவதை நிறுத்திக்கொண்டார். தோல் அடுக்கை மேசை மேல் வைக்கச் சொல்லி நின்றபடியே தரம் பார்த்தார். வெள்ளை வேட்டியை விட்டுவிட்டுக் கருநீல லுங்கிக்கு மாறினார். ஜாமியா மசூதியில் முதல் வரிசையில் நிற்பவர், மசூதிக்குப் போவதையே விட்டார். ரத்தம் கசிந்தால் வஜு, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவிப் பெறும் சுத்தம், முறிந்துவிடுமே, தொழுகை எப்படிக் கூடும் என்ற பயம்.

ஊர் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தது. தனக்கு மரியாதை காட்டவே நிற்கிறார் என்று முதலாளி நினைத்தார். மசூதி நிர்வாகியோடு ஏதோ மனஸ்தாபம் என்று ஜமாத்தில் நினைத்தார்கள். ஆவாரம்பட்டை வியாபாரி கோதண்டபாணி, அவருடைய இருபது வருட சிநேகிதர், நேரிலேயே கேட்டார்.

"இன்னா பாய், நீ சூஃபி கீஃபி ஆயிட்டியா? ஒக்கார மாட்டேன்ற, கறி துன்ன மாட்டேன்ற, ஆளும் எளைச்சுப் போய்ட்ட."

"வயசாவுது கோதண்டம்" என்றார் சமத்.

கோதண்டபாணி அதை நம்பவில்லை. ஆனாலும் மேலே கேட்கவில்லை.

3

இதுவரை பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று வாசகர் முணுமுணுப்பது கேட்கிறது. இதோ நடக்கிறது.

சமத்தின் மகள் குர்ஷித்துக்குப் பத்தொன்பது வயது. பேரணாம்பட்டில் தோல் வியாபாரி ரஷீத் அஹமதுவின் மூத்த மகனுக்கு அவளைப் பேசினார்கள். பையனை அவள் ஒருமுறை, ஒரு கல்யாண வீட்டில் திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்திருந்தாள். பார்த்ததைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் பேரணாம்பட்டு என்ற சொல் காதில் விழுந்தால் கையில் இருப்பதைக் கீழே போட்டாள்.

நிச்சயம் பேச சமத் நான்கு உறவினர்களோடு பேரணாம்பட்டுக்குப் போனார். மாட்டுவண்டியில் நான்கு பேரும் உட்கார்ந்து வந்தார்கள். சமத் வண்டியின் பின்னால் பாதி தூரம் நடந்தே வந்தார். "மாடு பாவம்" என்றார்.

ரஷீத் அஹமதுவின் கூடத்தில் நல்ல ஜமுக்காளம் விரித்து, திண்டு போட்டிருந்தார்கள்.

"வாங்க, ஒக்காருங்க."

"இருக்கட்டும்."

"என்னா இருக்கட்டும்? ஒக்காருங்க சாய்பு."

"பரவால்ல. நான் இப்பிடியே..."

எல்லாரும் அமர்ந்திருக்க, சமத் தூண் ஓரமாக நின்றார். பெண்ணைப் பெற்றவர் நீதிமன்றத்தில் நிற்பது போல. கொஞ்ச நேரத்தில் தஸ்தர்கான் என்ற சாப்பாட்டு விரிப்பை விரித்தார்கள், பெரிய தாம்பாளத்தில் பிரியாணி வந்தது. (இந்த இடத்தில் பிரியாணியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். சீரகசம்பா, கத்திரிக்காய் பச்சடி, மூடியைத் திறந்ததும் எழுந்த ஆவி. எனக்கும் இப்போது காரம் கூடாது. பொறாமையில் கிழித்துவிட்டேன்.)

சமத் வேறு வழியின்றி, ஒரு தொடையைச் சாய்த்து, பாதி மண்டியிட்டு, ஒரு கவளம் எடுத்தார். கறியைத் தொடவில்லை. நெற்றி வேர்த்தது. மூன்றாவது கவளத்துக்கு முன் எழுந்துவிட்டார். உள்ளே ஏதோ வழிவதை உணர்ந்தார். ஜமுக்காளத்தில் கறை படிந்திருக்குமோ என்று திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை ரஷீத் அஹமதுவும் பார்த்தார். ஜமுக்காளம் சுத்தமாக இருக்கிறதா என்று இவர் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் பேரணாம்பட்டிலிருந்து சேதி வந்தது. "எங்க வூட்டுல ஒக்கார மாட்டாரு. எங்க சோத்தத் தொட மாட்டாரு. அப்பிடிப்பட்ட பெரிய மனுஷன் வூட்டுப் பொண்ணு எங்களுக்கு ஜாஸ்தி."

ஆம்பூர்ப் பக்கத்தில் ஒருவரைக் கெட்ட வார்த்தையில் திட்டலாம், ஒருநாள் சமாதானம் ஆகிவிடும். அவர் வீட்டுப் பிரியாணியை மறுத்தால் மன்னிப்பு இல்லை.

4

குர்ஷித் அழவில்லை. அதுதான் அவள். அன்று முதல் அவளும் நின்றுகொண்டே சாப்பிட்டாள். நின்றுகொண்டே கீரை ஆய்ந்தாள். சமத் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"நீ ஏம்மா நிக்கிற?"

"நீங்க ஏன் நிக்கிறீங்க பாவா? சொல்லுங்க, நானும் சொல்றேன்."

சமத் எழுந்து, மன்னிக்கவும், நின்றிருந்தவர் அப்படியே வெளியே போய்விட்டார்.

(ஒரு குறிப்பு. இந்த வீட்டில் எல்லாரும் உருதுவில்தான் பேசியிருப்பார்கள். என் உருது, டீக்கடையில் சில்லறை கேட்கும் அளவுக்குத்தான். அதனால் அவர்களைத் தமிழில் பேசவைத்திருக்கிறேன். அவர்கள் பெருந்தன்மையானவர்கள், பொறுத்துக்கொண்டார்கள்.)

கிணற்றடியில் தன் லுங்கியைத் தானே துவைத்துக்கொண்டிருந்தவரிடம் மனைவி அஜீஸுன்னிசா வந்தாள். கையிலிருந்த துணியைப் பிடுங்கினாள்.

"குடுங்க இங்க."

"நான் தொவச்சுக்கிறேன்."

"ஆறு வருஷமா நீங்களே தொவைக்கிறீங்க. எந்தப் பொம்பளைக்குத் தெரியாம இருக்கும்?"

சமத் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தெரியுமா ஒனக்கு?"

"மொத வாரமே தெரியும். கல்லுல செகப்பா ஓடிச்சு."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல?" அவள் துணியைக் கல்லில் ஓங்கி அடித்தாள். "நீங்க தலை குனிஞ்சிடுவீங்கன்னு நான் வாய மூடிக்கிட்டேன். நீங்க வாய மூடிக்கிட்டு எம்பொண்ணு வாழ்க்கைய மூடிட்டீங்க."

எழுதும்போது எனக்கு அஜீஸுன்னிசா மேல் சந்தேகம் இருந்தது. கணவனை இப்படிப் பேசுவாளா, அந்தக் காலத்தில், அந்த ஊரில்? இரண்டு நாள் அவளை அமைதியாக ஆக்கிப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது. திரும்ப அவளைப் பேசவிட்டேன்.

மறுநாளே அவள் ஒரு மூடுவண்டி பிடித்து, பக்கத்து வீட்டு அம்மாளோடு பேரணாம்பட்டுக்குப் போனாள். ரஷீத் அஹமதுவின் மனைவி ஷஹீன் பானுவைச் சமையலறையில் சந்தித்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"அவருக்கு பவாசீர். அதான் ஒக்காரல. அதான் காரம் தொடல. திமிரு இல்ல."

(முதல் வரைவில் ஷஹீன் பானு, "அட, எங்க வூட்டுக்காரருக்கும் அதேதான்!" என்று கண்ணீரோடு கட்டிக்கொண்டாள். எனக்கே வெட்கமாகிவிட்டது. இவ்வளவு சௌகரியமாக வாழ்க்கை எங்கே நடக்கிறது?)

ஷஹீன் பானு வெங்காயம் அரிவதை நிறுத்தாமல் யோசித்தாள்.

"இதை நான் எங்க வூட்டுல சொன்னா, சாக்குன்னு சொல்வாங்க. ரம்ஜான் பொறக்க அஞ்சு மாசம் இருக்கு. வைத்தியம் பாருங்க. அதுக்குள்ள உங்க வூட்டுக்காரர் இங்க வந்து, எங்க ஜமுக்காளத்துல ஒக்காந்து, எங்க சாப்பாட்டச் சாப்பிடட்டும். மத்தது நான் பாத்துக்கிறேன்."

உலகத்தில் பெண்களின் கல்யாணம் எத்தனையோ விஷயங்களால் தடைப்பட்டிருக்கிறது. ஜாதகம், சீர், அத்தைகள். குர்ஷித்தின் கல்யாணம் இப்போது அவள் தகப்பனார் உட்காருவதில் வந்து நின்றது.

5

முதல் வைத்தியம்: ஆம்பூர் ஹக்கீம். லேகியம் கொடுத்தார். காரம், கறி, புளி எல்லாவற்றையும் நிறுத்தினார். காலையும் மாலையும் வெந்நீர் நிரம்பிய அகலத் தொட்டியில் உட்காரச் சொன்னார். கருணைக்கிழங்கும் துத்திக்கீரையும் தினமும். வீட்டில் தனிச் சமையல் முடியாது என்று அஜீஸுன்னிசா எல்லாருக்கும் கருணைக்கிழங்கையே போட்டாள். சரியாக வேகாத ஒருநாள் மூவர் நாக்கும் அரித்தது.

"ஒக்காராம இருந்தது நீங்க" என்றாள் குர்ஷித், நாக்கை நீட்டிக்கொண்டு. "நாக்கு அரிக்கிறது எனக்கா?"

ஆறு வருடத்தில் முதல்முறையாக அந்த வீட்டில் அந்த நோயை வைத்து ஒருவர் கேலி செய்தார். சமத்துக்குக் கோபம் வரும் என்று இரு பெண்களும் காத்திருந்தார்கள். அவர் தண்ணீர் குடித்துவிட்டு, "எனக்கும்தான் அரிக்குது" என்றார்.

ரத்தம் குறைந்தது. வலி பாதியானது. ஹக்கீம் நல்லவர்; வெளியே வந்த சதையைத் தன் லேகியம் திரும்ப அனுப்பாது என்பதையும் அவரே சொன்னார். "இது கம்மி ஆவும், போவாது" என்றார். ஆறு வாரம் போயிருந்தது.

இரண்டாம் வைத்தியம்: இதைச் சமத் யாரிடமும் சொல்லாமல் செய்துகொண்டார். ரயிலடிக்கு எதிரே கூடாரம் போட்டிருந்த ஒருவர், பம்பாயில் படித்ததாகச் சொல்லிக்கொண்டவர், "ஒரே ஊசி, ஒரே நாள், கத்தி இல்லை" என்று பலகை மாட்டியிருந்தார். ஒளிந்து பழகியவருக்கு ஒளிந்து செய்துகொள்ளும் வைத்தியம் பிடித்துப்போனது. திராவகம் போன்ற ஏதோ ஒன்றை ஊசியில் ஏற்றினார் அந்த ஆள். சமத் வீடு வந்து சேர்ந்தது பக்கத்தில் நின்ற ஒரு ஜட்காக் குதிரைவண்டியின் புண்ணியம். பதினோரு நாள் குப்புறப் படுத்துக் காய்ச்சலில் கிடந்தார். கூடாரம் மூன்றாம் நாளே காணாமல் போய்விட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தா, அந்தப் பலகைய நம்ப விட்டிருப்பேனா?" என்றாள் அஜீஸுன்னிசா. அவர் நெற்றியில் ஈரத்துணி போட்ட அவள் கை மட்டும் மென்மையாக இருந்தது. குரலில் மென்மை இல்லை.

மூன்றாம் வைத்தியம்: வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி. கத்தி.

சமத் பயந்தார். அதைச் சொல்லவும் செய்தார், அது புதிது. "செத்துட்டா?" என்று கேட்டார். "செத்தா குர்ஷித் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போவும்" என்றாள் மனைவி. "அதனால சாகாதீங்க."

6

இந்தப் பகுதியை எழுதும்போது நான் சிரித்தேன். இப்போதே ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வார்டில் சமத்தோடு சேர்த்து ஒன்பது பேர். ஒன்பது பேரும் குப்புறப் படுத்திருந்தார்கள். கணியம்பாடி விவசாயி ஒருவர், விரிஞ்சிபுரம் கோயில் மடப்பள்ளியில் பொங்கல் கிண்டுபவர், தாலுகா கச்சேரி குமாஸ்தா, ஒரு ஜட்காக்காரர், இன்னும் சிலர். காயத்துக்குக் கட்டுப் போடுபவர் தானியேல். பெரிய மீசை, சின்னக் கைகள்.

"வாங்க பாய்" என்றார் தானியேல். "இந்த வார்டுல நாற்காலியே கெடையாது. யாரு வந்து பாத்தாலும் நிக்கணும். கலெக்டர் வந்தாலும்."

குளோரோபாரம் கொடுத்து அறுத்துக் கட்டினார்கள். விழித்தபோது சமத்துக்கு முதலில் தெரிந்தது வலி. இரண்டாவதாகத் தெரிந்தது பேச்சு. மற்ற எட்டுப் பேரும் சத்தமாக, அந்த வார்த்தையை, அதன் எல்லாப் பெயர்களோடும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குப் பன்னெண்டு வருஷம்" என்றார் விவசாயி. "ஏர் ஓட்டும்போது ஒண்ணுமில்ல. ஒக்காந்து கூழு குடிக்கறதுதான் ரோதன. மாமனார் வூட்டுக்குப் போறதையே வுட்டுட்டேன்."

"நான் வண்டியில நின்னுகினு ஓட்டுவேன்" என்றார் ஜட்காக்காரர். "பாக்கறவன் எல்லாம் ரேஸுக்குப் போறேன்னு நெனச்சான்."

மடப்பள்ளிக்காரர், தலையணையில் முகம் புதைத்தபடியே சொன்னார். "சுவாமிக்கு நைவேத்தியம் பண்றவன், ரத்தம் பட்ட வேஷ்டியோட உள்ள போலாமோன்னு, தெனம் நாலு வாட்டி குளிச்சேன். நாலு வருஷம். ஜலதோஷமே எனக்குப் பாதி வியாதி."

சமத் திடுக்கிட்டார். மசூதிக்குப் போகாமல் இருந்த தன் காரணம், பூணூல் போட்ட ஒருவர் வாயிலிருந்து வருகிறது.

"நானும்" என்றார். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, பேரணாம்பட்டு ஜமுக்காளம் வரை எல்லாவற்றையும் சொன்னார். ஜமுக்காளத்தைத் திரும்பிப் பார்த்த இடம் வந்ததும் ஜட்காக்காரர் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். சமத்தும் சிரித்தார். சிரித்தால் தையல் இழுத்தது, இழுத்ததால் கத்தினார்கள், கத்தியதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். தானியேல் ஓடிவந்தார்.

"சிரிக்காதீங்கய்யா! அவுந்துரும்!"

நான்காம் நாள் காலை, அறுத்த பிறகு முதல்முறையாக மலம் கழித்தது—

[இங்கே ஒரு பத்தி இருந்தது. அதில் சமத் தன் தாயைக் கூப்பிட்டார். தானியேலின் கையைக் கடித்தார். எடுத்துவிட்டேன். கழிப்பறைக் கதவுக்கு வெளியே எட்டுப் பேர் படுக்கையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததையும், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது மடப்பள்ளிக்காரர், "ஆச்சா?" என்று கேட்டதையும், அவர் "ஆச்சு" என்றதையும் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.]

7

அறுவை முடிந்த ஆறாவது வாரம், ஒரு மாலையில், நான்காக மடித்த கம்பளியின் மேல் அப்துல் சமத் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். முதலில் ஒரு பக்கம். பிறகு மறு பக்கம். பிறகு முழுதும். அஜீஸுன்னிசா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ரம்ஜானுக்குப் பத்து நாள் இருக்கும்போது பேரணாம்பட்டுக்குப் போனார். வண்டியில் உட்கார்ந்து போனார். ரஷீத் அஹமது வாசலில் விறைப்பாக நின்றார். சமத் உள்ளே போய், சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டார்.

"போன தடவ ஒடம்பு சரியில்ல சம்பந்தி" என்றார். பிறகு மூச்சை இழுத்துவிட்டு, "பவாசீர். வேலூர்ல அறுத்துக்கினு வந்தேன்" என்றார்.

ரஷீத் அஹமது அவரை உற்றுப் பார்த்தார்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் திண்ட எடுத்து மெத்தைய போட்டிருப்பேனே!" என்றார். தாம்பாளம் வந்தது. சமத் காரம் குறைத்துத்தான் சாப்பிட்டார், ஆனால் கடைசியாக எழுந்தவர் அவர். ரம்ஜான் முடிந்ததும் வரும் ஷவ்வால் பிறையில் நிக்காஹ் என்று பேசி முடித்தார்கள். குர்ஷித்துக்குச் சேதி சொன்னபோது அவள் கையில் இருந்தது பீங்கான். போனது.

இங்கேயே முடித்திருக்கலாம். பத்திரிகை ஆசிரியர்களுக்குப் பிடித்த இடம் இது. நோய், வெட்கம், அறுவை, கல்யாணம், பீங்கான்.

ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவர்களைப் பற்றி நாம் ஒன்றை எழுதுவதே இல்லை: அவர்கள் திரும்புகிற உடம்பு, போன உடம்பு இல்லை.

ரத்தம் நின்றது. வலி நின்றது. வெள்ளை வேட்டி திரும்ப வந்தது. கூடவே ஒரு புதிய விஷயமும் வந்தது: வாயுவை அடக்க முடியவில்லை. ஊசிக்காரன் எரித்ததா, கத்தி பட்டதா, இரண்டும் சேர்ந்தா, யாருக்கும் தெரியாது. மற்ற நேரத்தில் அது சிரிப்போடு போகிற காரியம். மசூதியில், தோளோடு தோள் நிற்கும் வரிசையில்? வஜு முறிந்துவிடும். இதற்கு முன் உட்கார முடியாமல் நின்றவர், இப்போது வரிசையில் நிற்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்தார்.

ஆனால் இது பழைய சமத் இல்லை. எட்டு நாள்தான் ஒளிந்தார். ஒன்பதாம் நாள் இமாமிடம் போய்க் கேட்டேவிட்டார். இமாம் ஆச்சரியப்படவே இல்லை.

"ஒங்க கையில இல்லாம ஓயாம வருதுன்னா, ஒவ்வொரு வேளைக்கும் ஒரு வஜு செஞ்சுக்கங்க. அந்த வேளை முடியற வரைக்கும் அது வந்தாலும் நமாஸ் கூடும். இது கஷ்டம் உள்ளவங்களுக்கு அல்லாஹ் குடுத்த சலுகை."

"ரத்தம் கசிஞ்சா?"

"ஓயாம கசிஞ்சா, அதுக்கும் இதே சட்டம்தான்."

"எப்பலேர்ந்து?"

"எப்பலேர்ந்துன்னா? எப்பவுமே இருக்கற சட்டம்தானே. ஏன் கேக்கறீங்க?"

சமத் ஆறு வருடத்து வெள்ளிக்கிழமைகளை மனதுக்குள் எண்ணிப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை அவர் முதல் வரிசைக்குப் போகவில்லை. கடைசி வரிசையில், கதவோரமாக நின்றார். ஆனால் நின்றார்.

8

கல்யாணம் முடிந்து, சித்திரை வெயிலில், தோல் ஷாப்பின் பின்பக்கத்தில் ஒருநாள்.

சமத் காய்ந்த தோல் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து தரம் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டை வண்டியை உள்ளே அனுப்பிவிட்டுக் கோதண்டபாணி வந்தார். வேலூர்ச் சங்கதி இதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. கோதண்டபாணி அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேலி செய்யாமல் இருந்தார். இருபது வருடத்தில் அவர் கேலி செய்யாமல் விட்ட முதல் விஷயம் அது.

"பாய், ஒண்ணு கேக்கணும்."

"கேளு. ஒக்காரு மொதல்ல."

"இருக்கட்டும்."

சமத்தின் கை தோலின் மேல் நின்றது. நிமிர்ந்து பார்த்தார். கோதண்டபாணி கருநீல லுங்கி கட்டியிருந்தார். வெயில் முகத்தில் அடிக்க, பாதி மூடிய கண்களோடு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி நாளா?" என்றார் சமத்.

"மூணு வருஷம்." குரல் தாழ்ந்தது. "அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க, அதே ஆஸ்பத்திரிக்கு. தானியேலுன்ற ஆளு நல்லாப் பேசறான். ஆனா அவன் செஞ்சுக்கினவன் இல்லையே. நீ சொல்லு. செஞ்சுக்கலாமா? நீ இப்ப நல்லா இருக்கியா பாய்? நெசமா?"

அப்துல் சமத் பதில் சொல்ல வாயைத் திறந்தார். நான் இங்கே பேனாவை வைத்துவிட்டேன். மூன்று நாள் எடுக்கவில்லை.

அவர் "செஞ்சுக்க, கண்ண மூடிக்கினு செஞ்சுக்க" என்று சொல்லலாம். அதில் பாதி உண்மை. மகள் இன்று பேரணாம்பட்டில் இருக்கிறாள். "வேணாம், ஹக்கீமோட தொட்டியில ஒக்காரு, கருணைக்கெழங்கத் துன்னு, பொறுத்துக்க" என்று சொல்லலாம். கோதண்டபாணியை இன்னும் ஊசிக்காரன் தொடவில்லை. அவருக்குத் தொட்டியும் கிழங்குமே போதுமாகலாம். அதிலும் பாதி உண்மை. அல்லது முழு உண்மையையும் சொல்லலாம். நான்காம் நாள் காலை, கடைசி வரிசை, கதவோரம், எல்லாவற்றையும். சொன்னால் பயந்துபோய் நண்பர் இன்னும் ஆறு வருடம் நிற்பாரோ? சொல்லாவிட்டால், நாளைக்கு "ஏன்டா பாய் சொல்லல?" என்று கேட்பாரோ?

எந்தப் பதிலை எழுதினாலும் அது என் பதிலாகிவிடுகிறது. அவருடையதாக இல்லை. எனக்கோ இன்னும் தைரியம் வரவில்லை; நான் இந்தக் கதையை ஒரு உயரமான மேசையில் நின்றபடி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறேன். பேசத் தொடங்குவதற்கு முன் சமத் தோல் கட்டின் ஒரு ஓரத்துக்கு நகர்ந்து நண்பருக்கு இடம் விட்டார். பிறகு நினைவு வந்தவராக, கையிலிருந்த தோலைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து போய் கோதண்டபாணியின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

இப்போது இருவரும் நிற்கிறார்கள். வெயில் ஏறுகிறது. கோதண்டபாணி பதிலுக்குக் காத்திருக்கிறார்.

வாசகரே, வலியுள்ள மனிதரை ரொம்ப நேரம் நிற்கவைக்காதீர்கள். என்ன சொல்லலாம், சொல்லுங்கள்.